படிக்கட்டா, சரிவுப்பாதையா?

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் வாங்கிய அரிசி, காய்கறியெல்லாம் சேர்த்து 30 கிலோ தள்ளுவண்டி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்கு ஏற ஒரு மீட்டர் உயரம். ஒரு பக்கம் படி, பக்கத்திலேயே சரிவுப்பாதை. எதில் ஆற்றல் மிச்சம்?

வேலை என்பது விசையையும், அந்த விசையின் திசையில் நகர்ந்த தூரத்தையும் பெருக்கி வருவது. படியில் வண்டியைத் தூக்க 300 நியூட்டன் விசை, ஒரு மீட்டர்: 300 ஜூல். சரிவு 12-க்கு 1 என்றால் சுமார் 12 மீட்டர் தள்ள வேண்டும், ஆனால் 25 நியூட்டன் போதும். பெருக்கிப் பாருங்கள், அதே 300 ஜூல்! உயரே போனதால் வண்டிக்குள் சேரும் ஆற்றலும் (நிலை ஆற்றல்) அதேதான்.

உராய்வு இருக்கிறதே என்பீர்கள். சரிதான், சக்கரம் இறுகியிருந்தால் சரிவில்தான் கூடுதல் வேலை. இன்னொன்று, 60 கிலோ ஆள் தன்னையே மேலே கொண்டுபோக 600 ஜூல் ஆகும். சுமையைவிட நாம்தான் பெரிய சுமை!

அப்புறம் ஏன் படியில் மூச்சு வாங்குகிறது? திறன், அதாவது ஒரு வினாடியில் செய்யும் வேலை, அதுதான் காரணம். வண்டியை 4 வினாடியில் ஏற்றினால் 75 வாட், சரிவில் 15 வினாடி எடுத்தால் 20 வாட். பாதிப் படியில் வண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றால் இயற்பியல் கணக்கில் வண்டிமேல் செய்த வேலை சுழியம். தசை மட்டும் ஆற்றலைச் செலவழித்துக்கொண்டே இருக்கும்.

வண்டியோடு வந்தால் என் ஓட்டு சரிவுக்கு. கையில் ஒரு பை மட்டும்தானா? படியிலேயே ஏறிவிடலாம்.