பேக்கிங் சுரண்ட எது உருப்படியாக உதவுகிறது? குன்னூர், கோத்தகிரிப் பக்க அனுபவம்

தேயிலை ஃபேக்டரி ஜெனரேட்டர், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி மெஷினின் கியர்பாக்ஸ், கேத்திப் பக்கம் கேரட்டுக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சின். பல வருஷமாக இவற்றில் பழைய பேக்கிங்கை (இரண்டு பாகம் சேரும் இடத்தில் கசியாமல் இருக்க நடுவில் வைக்கும் கேஸ்கட்) எடுக்கப் பயன்படுத்தும் சாமான்கள் பற்றியது இது.

வார்ப்பிரும்பு எஞ்சின் பிளாக்குக்கு ஸ்டீல் ஸ்கிரேப்பரை மிஞ்ச ஆளில்லை. முனை கூராக இருக்கணும். மழுங்கினால் கை அழுத்தம் கூடும்; அப்போதுதான் வழுக்கிக் கோடு போடும். படுக்கவைத்துத் தள்ளுங்கள், நிமிர்த்தினால் குத்தும். அலுமினிய ஹெட்டில் (பிளாக்கின் மேல் உட்காரும் மூடி) இதைத் தொடவே வேண்டாம். தண்ணீர் துளைக்கும் எரியறைக்கும் குறுக்கே ஒரு கீறல் விழுந்தால் போதும், புது கேஸ்கட்டும் கசியும். அங்கே பிளாஸ்டிக் பிளேடுதான். சீக்கிரம் தேயும், மாற்றி மாற்றிப் போடணும், பரவாயில்லை.

கிரைண்டரில் மாட்டும் நார் டிஸ்க் வேகமானது, அதனாலேயே ஆபத்தும். அலுமினியத்தைப் பள்ளமாக்கும். அதைவிட மோசம், டிஸ்க்கிலிருந்து உதிரும் பொடி. ஆயில் துளையில் இறங்கினால் பேரிங்கைத் தின்றுவிடும். துணி அடைத்தாலும் முழுசாகத் தடுக்க முடியாது. எங்கள் ஷெட்டில் இதற்கு இடமில்லை.

ரிமூவர் ஸ்ப்ரே கெட்டிப்பட்ட ஹெட் பேக்கிங்குக்கு நல்லது. ஆனால் டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தை மார்கழிக் குளிரில் நம்பக்கூடாது. அடித்ததும் பாலிதீன் போட்டு மூடி, இரண்டு மடங்கு நேரம் விடுங்கள். பெயிண்டையும் ரப்பர் சீலையும் கெடுக்கும், கையுறை கட்டாயம். குளிருக்கு ஷட்டரை இறக்கிவிட்டு அடிக்கும் பழக்கம் இங்கே உண்டு, அது கூடவே கூடாது. மெத்திலீன் குளோரைடு கலந்ததாக இருந்தால் அந்த ஆவி காற்றைவிடக் கனம், சர்வீஸ் குழியில் போய்த் தேங்கும்.

கியர்பாக்ஸ் மூடியில் ஷெல்லாக் (அரக்குப் பசை) தடவி ஒட்டிய காகிதப் பேக்கிங்குக்கு ஸ்ப்ரே வீண் செலவு. ஸ்பிரிட் நனைத்த துணி போட்டு வைத்தாலே இளகும்; பெட்ரோலுக்கு அசையாது. பேக்கிங்குக்குப் பதிலாகத் தடவும் சிலிகான் பேஸ்ட், தின்னரில் ஊதுமே தவிரக் கரையாது, பிளாஸ்டிக் பிளேடால் உரித்தால் போதும்.

பழைய எஞ்சின் என்றால் பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார், அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும்) இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். வயர் பிரஷ், காற்றுக் குழாய் இரண்டும் கூடாது. சோப்புத் தண்ணீரில் நனைத்தே சுரண்டி, ஈரத்தோடு கவரில் கட்டுங்கள்.

சுரண்டி முடித்ததும் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் (நேரான ஸ்டீல் பட்டை) வைத்து, அடியில் இடைவெளி இருக்கிறதா என்று ஃபீலர் கேஜால் (அளவு போட்ட மெல்லிய தகடுகள்) பாருங்கள். 0.05 மி.மீ. இலை நுழைந்தால் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிட்ட பிறகே மாட்டணும். அடி மூடிய போல்ட் துளையில் தண்ணீரோ ஆயிலோ நின்றால், போல்ட்டை முறுக்கும்போது அது நசுங்க வழியில்லாமல் பிளாக்கே விரிசல் விடும். துணியால் ஒற்றி எடுங்கள். அன்றே மாட்டாவிட்டால் மெல்லிசாக ஆயில் பூசி வையுங்கள். மேகம் இறங்கும் ஊரில், சுரண்டிய வார்ப்பிரும்பு ஒரே ராத்திரியில் துருப்பிடித்துவிடும். மாட்டும் முன் அந்த ஆயிலைத் தின்னரால் துடைக்க மறக்கவேண்டாம்.