இடமதிப்பு கற்றுக்கொடுக்க வாங்கிய 121 கட்டைகள்

மகள் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், 1000 வரை எண்கள் வந்துவிட்டன. 47-இல் 4-இன் இடமதிப்பு கேட்டால் பத்து என்பாள், இலக்கமதிப்பு கேட்டால் நாற்பது என்பாள், பயிற்சித்தாளில் எல்லாம் சரி. ஆனால் முந்நூற்று நான்கை எழுதச் சொன்னால் 3004. யோசித்துப் பார்த்தால் அது கவனக்குறைவு இல்லை, காதில் விழுந்தபடி எழுதுகிறாள். பழைய தமிழ் எண்களில் நாமும் ௩௱௪ என்று மூன்று, நூறு, நான்கு எனச் சொல்கிறபடிதானே எழுதினோம்!

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு புத்தகக் கடையில் பத்தடிமானக் கட்டைகள் ஒரு பெட்டி வாங்கினேன், 38 ரிங்கிட். ஒன்றுக்கு ஒரு சென்டிமீட்டர் கட்டை 100, பத்துக்குக் கோல் 10, நூற்றுக்குத் தட்டு 10, ஆயிரத்துக்கு ஒரு பெரிய கட்டை.

பெரிய கட்டையை மேசையில் வைத்து, இதில் எத்தனை தட்டு இருக்கும் என்று கேட்டேன். பக்கத்திலேயே தட்டுகளை அடுக்கிக்கொண்டே போனாள். பத்தாவதை வைத்ததும் இரண்டும் ஒரே உயரம். உள்ளங்கையால் இரண்டின் மேலும் தடவிப் பார்த்துவிட்டு, "அப்போ இது பத்து நூறா அம்மா?" என்றாள். இதற்குத்தான் காசு கொடுத்தேன். காசை வைத்தும் கற்றுக்கொடுக்கலாம், ஆனால் பத்து ரிங்கிட் தாள் ஒரு ரிங்கிட்டைவிடப் பத்து மடங்கு பெரிதாக இருக்காது, கண்ணுக்குத் தெரியாததைப் பிள்ளை நம்ப வேண்டியிருக்கும்.

அப்புறம் தினமும் மாற்று விளையாட்டு. தாயக்கட்டை உருட்டி விழுந்த எண்ணிக்கைக்குச் சிறு கட்டை எடுக்க வேண்டும், பத்து சேர்ந்தால் என்னிடம் கொடுத்துக் கோலாக மாற்ற வேண்டும். ஒரு வாரம் கழித்து 230-இல் எத்தனை பத்து என்று கேட்டேன். முன்பு 3 என்றவள், தட்டு ஒவ்வொன்றின் மேலும் அதே பத்துக் கோல்களை மாற்றி வைத்து எண்ணி 23 என்றாள். 304-க்கு மூன்று தட்டு, நான்கு கட்டை. நடுவில் கோல் இல்லாத இடத்தை அவளே காட்டி 0 எழுதினாள்.

குறையும் உண்டு. நான்கு அளவுக்கும் நான்கு நிறம், அதனால் முதல் சில நாள் "பச்சைன்னா பத்து" என்று நிறத்தைத்தான் மனப்பாடம் செய்தாள். ஒரே நிறத்தில் இருந்திருந்தால் அளவைப் பார்த்திருப்பாள். சில கோல்களின் முனை சரியாக வெட்டப்படவில்லை. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் சிறு கட்டைகளை எண்ணி எடுத்து வையுங்கள், வாயில் போட்டுக்கொள்ளும் அளவுதான்.

முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தாராளமாக வாங்கலாம். கடையில் ஒரே நிறப் பெட்டி இருக்கிறதா என்று மட்டும் முதலில் கேளுங்கள்.