பச்சை எருவா, மக்கின எருவா, கேஸ் கழிவா? கோழிக்குக் கொடுத்த மருந்து போய்ச் சேரும் இடம்

ஒரு பேட்ச் கோழியை லாரியில் ஏற்றி அனுப்பின மறுநாள் கொட்டகைக்குள் நுழைந்தால் கண் எரியும். பொங்கலூர் பக்கம் மச்சானின் பண்ணையில் எரு அள்ளும்போது நானும் நின்றிருந்தேன். தரையில் பரப்பின மஞ்சித் தூளும் (தென்னை நார்த்தூள்) எச்சமும் இறுகி, மண்வெட்டி போட்டால் அடை அடையாகப் பெயர்கிறது. வாங்க வந்தவர் சின்ன வெங்காயம் போடுகிறவர். "மருந்து கொடுத்த கோழிங்களா?" என்று கேட்டார். "கடைசி ஒரு வாரம் நிறுத்தியாச்சுங்க, கறியில ஒண்ணும் நிக்காது" என்றார் மச்சான்.

மச்சான் சொன்னது பெரும்பாலும் சரிதான். ஆனால் வெங்காயக்காரர் கேட்டது கறியைப் பற்றி இல்லையே. கறியில் நிற்காமல் போன மருந்து எச்சத்தோடு இறங்கி அந்த மஞ்சியில்தான் கிடக்கிறது. ஆன்டிபயாட்டிக் மருந்தின் வகையைப் பொறுத்து, உள்ளே போனதில் 30 முதல் 90 விழுக்காடு வரை வெளியே வந்துவிடும். ஒப்பந்தப் பண்ணையில் குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் கம்பெனி கொடுப்பது. கொட்டகை, கரண்ட், கூலி நம்முடையது. எருவும் நம்முடையதுதான். அதை என்ன செய்வது என்பதில் மூன்று வழி உண்டு.

பச்சையாக அப்படியே கொட்டுவதுதான் ஊர் வழக்கம். செலவு இல்லை, தழைச்சத்தும் (நைட்ரஜன்) மக்க வைத்ததைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். கோழி எரு போட்ட வயலில் பயிர் கருகருவென்று எழுந்து நிற்பதை யாரும் மறுக்க முடியாது. மண்ணுக்குள் நடப்பது வேறு. கோழிக்குக் கொடுக்கும் என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக், கோழியின் உடம்பில் ஒரு பங்கு சிப்ரோஃப்ளாக்சசினாக மாறும். நமக்கு டாக்டர் எழுதித் தரும் அதே சிப்ரோஃப்ளாக்சசின்தான். இரண்டுமே மண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும். சல்ஃபா என்ற இன்னொரு வகை மருந்துகளுக்கு அந்தப் பிடிப்பு இல்லை, ஐப்பசி மழையோடு கீழே இறங்கிக் கிணற்றை நோக்கிப் போகும். கிருமியைக் கொல்லப் போதாத இந்த அளவுதான் ஆபத்து. மருந்துக்குப் பழகின கிருமி மட்டும் தங்கி, அந்தப் பழக்கத்தைப் பக்கத்துக் கிருமிக்கும் கடத்திவிடுகிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் 2005இல் வெளியிட்ட ஆய்வில், டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக்கான குளோர்டெட்ராசைக்ளின் கலந்த எருவிட்ட மண்ணிலிருந்து மக்காச்சோளம், முட்டைக்கோஸ், வெங்காயத்தாள் மூன்றுமே அந்த மருந்தைக் கொஞ்சம் உறிஞ்சியிருந்தன. மூன்றும் இங்கே விளைகிற வெள்ளாமைதான்.

மக்க வைப்பது இரண்டாவது வழி. என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இல்லை. நம் ஆட்கள் "மக்கின எரு" என்று விற்பதில் பாதி, மூலையில் கொட்டி வைத்து வெயிலில் காய்ந்த எரு. அது மக்கல் இல்லை. குவியலுக்குள் 55 டிகிரிக்கு மேல் சூடு ஏறி, நாள்கணக்கில் நிற்க வேண்டும். இரும்புக் கம்பியை நடுவில் செருகி ஒரு நாழி கழித்து உருவிப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் வேலை நடக்கிறது. ஒரு கை எருவை இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசியலாம், சொட்டக் கூடாது. மஞ்சி சீக்கிரம் மக்காது. அதனால் சோளத்தட்டு, நறுக்கின தென்னை ஓலை சேர்த்து, சூடு தணியும்போதெல்லாம் புரட்டிப் போட வேண்டும்.

அப்படிச் செய்தால் டெட்ராசைக்ளின் வகை வேகமாக உடையும். வான்கோழி எருவில் செய்த சோதனையில் பத்து நாளுக்குள் குளோர்டெட்ராசைக்ளின் 99 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. அதே குவியலில் இருந்த சல்ஃபா மருந்தான சல்ஃபாமெத்தசின் அசையவே இல்லை. ஆகவே மக்க வைத்தால் எல்லா மருந்தும் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இன்னொரு நஷ்டமும் உண்டு: புரட்டப் புரட்டத் தழைச்சத்தில் ஒரு பங்கு அமோனியாவாகப் பறந்துவிடும். அந்த நெடி மூக்கில் ஏறும்போது காசு போகிற வாசம் என்று மச்சான் சிரிப்பார்.

மூன்றாவது வழி, எருவை மூடின கலனில் புளிக்க வைத்து எரிவாயு எடுக்கும் கேஸ் கலன். அது பிராய்லர்காரர்களுக்கு ஒத்துவராது. மஞ்சி செரிக்காது, கலனை அடைக்கும். நாமக்கல் முட்டைப் பண்ணைகளில் கூண்டுக்கு அடியில் சேர்வது வெறும் எச்சம் என்பதால் அங்கே சரி. அதற்கும் சாணி கலக்காவிட்டால் அமோனியா ஏறி கேஸ் படுத்துவிடும். சாதாரணக் கலனின் சூடு 35 டிகிரியைச் சுற்றித்தான். சமையலுக்கு அடுப்பு எரியும், கரண்டும் எடுக்கலாம். ஆனால் சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரியானவை பெரும்பாலும் கழிவுக் குழம்போடு வெளியே வந்துவிடும். மருந்தை ஒழிக்க என்று மட்டும் இதற்குப் பணம் போடாதீர்கள்.

மருந்தைத் தீவனத்திலேயே நிறுத்துவதற்கு ஈடு எதுவும் இல்லை. வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006லேயே நிறுத்திவிட்டது. இந்தியாவில் 2019 ஜூலையில், கோழி போன்ற உணவுக்கான உயிர்களுக்குக் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுக்கத் தடை வந்தது. வேறு எதுவும் கேட்காதபோது மனிதர்களுக்குக் கொடுக்கும் கடைசி மருந்துகளில் அது ஒன்று. ஆனால் தீவன மூட்டையில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தப் பண்ணைக்காரர் முடிவு செய்வதில்லை.

அவர் கையில் இருப்பது கொட்டகையில் தொங்கும் பேட்ச் அட்டை. எந்த நாள் எந்த மருந்து என்று அதில் எழுதியிருக்கும். அன்றைக்கு வெங்காயக்காரருக்கு அதை எடுத்துக் காட்டினோம். டெட்ராசைக்ளின் ஒரு தடவை, ரத்தக் கழிச்சலுக்கு சல்ஃபா மூன்று நாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வெங்காயத்துக்கு அடுத்த பேட்ச்சுல பாத்துக்கறேனுங்க" என்று சொல்லி, கிணற்றிலிருந்து தள்ளி இருக்கிற தென்னைக்கு மட்டும் ஒரு லோடு ஏற்றிக்கொண்டு போனார்.