4,200 ரூபாய் மைக்ராஸ்கோப்: ரியோ இலைக்குப் பாஸ், டப்பா விளம்பரத்துக்கு ஃபெயில்

திருத்துறைப்பூண்டியில வீட்டு மாடியில ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைங்களுக்கு பயாலஜி டியூஷன் எடுக்கிறேன். போன ஜூன்ல தஞ்சாவூர் போய் இந்த மைக்ராஸ்கோப்பை வாங்கிட்டு வந்தேன். அம்பாலாவுல செஞ்சது. எல்இடி மாடல் 900 ரூபாய் கூட. கீழ வெளிச்சத்தைத் திருப்பி விடுற கண்ணாடி வச்சதே போதும்னு எடுத்தேன். 2018ல கஜா புயல் அடிச்சப்ப கரண்ட் இல்லாம கிடந்தவங்களுக்கு ஏன்னு சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் வெளிச்சமே தாராளம்.

முதல்ல குறை. ‘செல் சவ்வைத் தெளிவாகப் பார்க்கலாம்’னு டப்பாவுல இங்கிலீஷ்ல போட்டிருக்கு. பச்சைப் பொய். செல்லைச் சுத்தி இருக்கிற மெல்லிய தோல்தான் சவ்வு, அதோட தடிமன் 7, 8 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாப் பங்கு போட்டா அதுல ஒரு பங்குதான் நானோமீட்டர். இந்த மாதிரி ஒளி மைக்ராஸ்கோப் எதுவும் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழ பிரிச்சுக் காட்டாது. லட்ச ரூபாய் கொடுத்து வாங்கினாலும் இதே கதைதான். 100 லென்ஸ், அதாவது 100 மடங்கு பெரிசாக் காட்டுற லென்ஸ், எண்ணெய் விட்டாத்தான் வேலை செய்யும், ஆனா எண்ணெய் தரலை. பெரிய தொந்தரவு, லென்ஸ் குழாயை ஏத்தி இறக்குற திருகு. 40 லென்ஸைப் போட்டுக் கையை எடுத்தா குழாய் தானா இறங்குது. முதல் வாரத்துலயே ஸ்லைடு மேல மூடுற மெல்லிய கண்ணாடி, கவர் ஸ்லிப், மூணு நொறுங்கிடுச்சு. கடைக்குத் தூக்கிட்டுப் போனா, “நீங்க வேகமாத் திருகுறீங்க மேடம்”னு திருப்பி அனுப்பிட்டாங்க. கடைசியில எங்க தெருவுல தையல் மெஷின் ரிப்பேர் பண்ற அண்ணன்தான் அஞ்சு நிமிஷத்துல இறுக்கிக் கொடுத்தாரு. காசு வாங்கலை, இலையைக் காட்டச் சொன்னாரு.

அந்த இலைக்காகத்தான் இதை வாங்கினதே. ரியோ இலை, அடிப்பக்கம் ஊதாவா இருக்குமே, எங்க மாடித் தொட்டியில நிறைய இருக்கு. இலையைச் சாய்வாக் கிழிச்சா ஓரத்துல வெங்காயச் சருகு மாதிரி ஒரு தோல் வரும். அதைத் தண்ணியில வச்சு 10 லென்ஸ்ல பாருங்க, ஊதா ஓடு வேய்ஞ்ச மாதிரி கட்டம் கட்டமா செல், நடுவுல அங்கங்க பச்சையா இலைத்துளை. இங்க இந்த மைக்ராஸ்கோப்பைக் குறை சொல்ல முடியாது, நிறம் அப்படியே வருது.

செல் சுருங்குறதைக் காட்ட வழக்கமா 5 சதவீத உப்புத் தண்ணி விடுவேன். இந்தத் தடவை வேதாரண்யத்துப் பையன் ஒருத்தன் வாட்டர் பாட்டில்ல கடல் தண்ணியே பிடிச்சுட்டு வந்துட்டான். கவர் ஸ்லிப்புக்கு ஒரு பக்கம் ஒரு சொட்டு, மறுபக்கம் டிஷ்யூ பேப்பரால உறிஞ்சல். ரெண்டு மூணு நிமிஷம்தான். செல்லுக்குள்ள இருக்கிற ஊதா, செல் சுவரை விட்டுப் பிரிஞ்சு நடுவுல உருண்டையாச் சுருங்குது. சுவர் மட்டும் காலிக் கட்டமா நிக்குது. “உள்ள காத்தா மிஸ்?”னு கேட்டான். இல்லடா, அது நீ கொண்டு வந்த கடல் தண்ணி. செல் சுவர் உப்பைத் தடுக்காது, அதுக்கு உள்ள இருக்கிற சவ்வுதான் தடுக்கும். உப்பு உள்ள போக முடியலை, தண்ணி மட்டும் வெளியே போயிடுச்சு. சவ்வுல தண்ணிக்குன்னே தனி வாசல் இருக்கு, அக்வாபோரின்னு பேரு. ஒரு வாசல் வழியா நொடிக்கு சுமார் 300 கோடி தண்ணி மூலக்கூறு போகும். அதைக் கண்டுபிடிச்ச பீட்டர் ஏக்ரிக்கு 2003ல நோபல் கிடைச்சுது.

உடனே நல்ல தண்ணி விட்டா ஊதா திரும்பப் பரவி சுவரைத் தொடுது. இன்னொரு ஸ்லைடைச் சாப்பிட்டு வந்து பாப்போம்னு கடல் தண்ணியிலயே விட்டுட்டுப் போனோம். அப்புறம் நல்ல தண்ணி விட்டும் அது மீளவே இல்லை. பையன் ரொம்ப நேரம் கண்ணை எடுக்கலை. 2004 சுனாமியில உப்புத் தண்ணி ஏறின வயல்ல நெல்லு தண்ணிக்குள்ளயே நின்னு காஞ்சுதுன்னு அவங்க அப்பா சொல்லுவாராம். “அது இதானா மிஸ்?”னான். ஆமான்னேன்.

அஞ்சுக்கு மூணரை கொடுக்கலாம். வாங்கப் போறவங்க கடைக்காரர் நீட்டுற ஸ்லைடை நம்பாதீங்க. பையில ஒரு ரியோ இலையும் பிளேடும் எடுத்துட்டுப் போய், 40 லென்ஸைப் போட்டுக் கையை எடுத்துட்டு ரெண்டு நிமிஷம் நில்லுங்க. குழாய் இறங்கினா வேற பீஸ் கேளுங்க.