கிடாரைக் கூரியரில் ரிப்பேருக்கு அனுப்பப் போகிறீர்களா? படித்துவிட்டு அனுப்புங்கள்: எங்கள் 8,500 ரூபாய் போச்சு

நேற்று சாயங்காலம் உண்மை தெரிந்ததிலிருந்து கொதிப்பு அடங்கவில்லை. தங்கச்சிமடத்தில் எங்கள் கோயில் பாடகர் குழுவுக்கு இருப்பது ஒரே ஒரு எலக்ட்ரிக் கிடார். அதன் ரிப்பேருக்குக் கொடுத்தது 8,500 ரூபாய். இது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, எந்த வீட்டிலும் கையில் காசு புரளாது. இந்த நேரத்தில் ஐம்பதும் நூறுமாகக் கொடுத்துச் சேர்த்த பணம் அது.

கடையின் பெயரைப் போடவில்லை. வெளியூரில், பெரிய நகரத்தில் இருக்கிற இசைக்கருவிக் கடை. ரிப்பேர் வீடியோ போட்டே ஆள் பிடிக்கிறவர்கள், கூரியரில் கிடாரை வாங்கிச் சரிபார்த்து அனுப்புகிறவர்கள்.

பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றுகிற பாகம். எங்கள் கிடாரில் இரண்டு: கழுத்துப் பக்கம் நெக் பிக்கப், கம்பிகள் முடிகிற கீழ்ப் பக்கம் பிரிட்ஜ் பிக்கப். அதில் நெக் பிக்கப் செத்துப்போயிருந்தது. உப்புக்காற்று அடிக்கிற ஊரில் இது நடப்பதுதான். உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பி தலைமுடி அளவுக்கு மெல்லியது, பச்சை பூத்து எங்காவது ஓரிடத்தில் அறுந்தால் போதும், சத்தம் நின்றுவிடும். கடைக்காரருக்குப் போன் போட்டேன். அவ்வளவு பொறுமையாகப் பேசினார். எந்த ஊர், யார் வாசிக்கிறார்கள், என்ன பாட்டு என்றெல்லாம் விசாரித்தார். "கோயில் கிடாரா தம்பி? அப்ப லேபர் பாதி போதும். உங்க பிரிட்ஜ் பிக்கப்புக்குச் சேருற மாதிரி நானே பார்த்துப் போட்டுத் தர்றேன். திருவிழாவுல எனக்காகவும் ஒரு பாட்டுப் பாடுங்க" என்றார். இப்படிப் பேசுகிற மனிதரை யார் சந்தேகப்படுவார்கள்? அன்றைக்கே 8,500 ரூபாயும் முழுசாக அனுப்பினோம்.

வேலை முடிந்ததும் வீடியோ வந்தது. நெக் தனியாக அருமை, பிரிட்ஜ் தனியாக அருமை. அந்த வீடியோ முழுக்க, எந்த பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று மாற்றும் சுவிட்ச் நடுவில் ஒரு நொடிகூட நிற்கவில்லை என்பதை இப்போது பார்க்கும்போது வயிறு எரிகிறது.

கிடார் வந்து பயிற்சியில் சுவிட்சை நடுவில் வைத்தால், இரண்டு பிக்கப்பும் சேர்ந்த இடத்தில் பேஸ், அதாவது கனமான அடிச்சத்தம், சுத்தமாக இல்லை. சத்தமும் பாதியாகிவிட்டது. தகர டப்பாவுக்குள் வைத்து வாசித்த மாதிரி இருந்தது. பாடல்களுக்கு நாங்கள் வாசிப்பதே பெரும்பாலும் அந்த நடு இடத்தில்தான்.

போன் செய்தால் முதலில் "ஆம்ப்ளிஃபையரைப் பாருங்க தம்பி." அப்புறம் "புது பிக்கப், செட் ஆக ஒரு மாசம் ஆகும்." அப்புறம் "உங்க ஊர் கடல் காத்துக்கு நான் என்ன பண்றது?" அதற்கும் மேல் போய், "பெரிய பெரிய கிடாரிஸ்ட் எல்லாம் இந்த சவுண்டுக்குத்தான் ஏங்குறாங்க" என்று பாடம் எடுத்தார். பீட்டர் கிரீன் என்ற பிரிட்டிஷ் கிடாரிஸ்டின் 1959 லெஸ் பால் கிடாரில் இந்தச் சத்தம் உண்டு, நெக் பிக்கப்பின் காந்தம் திரும்பியிருந்ததால் வந்தது அது. அதை விரும்பிக் கேட்கிறவர்களுக்குப் போட்டுக் கொடுங்கள். நாங்கள் கேட்டோமா? கடைசியில் "திரும்ப அனுப்புங்க, 2,500 ஆகும்" என்றார். அதன்பிறகு போனை எடுப்பது கடைப் பையன்தான்: "அண்ணன் வெளிய போயிருக்காரு."

ராமநாதபுரத்தில் தெரிந்த மைக்செட் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் கிடாரைத் திறக்கவே இல்லை. கேபிளைச் சொருகி, வால்யூமை முழுசாக வைத்து, மறுமுனையில் மல்டிமீட்டரை 20 கிலோ ஓம்ஸில் பிடித்தார். பிரிட்ஜ் பிக்கப் மேல் ஸ்க்ரூடிரைவரைத் தட்டென்று வைத்தார், எண் ஒரு கணம் ஏறியது. நெக்கில் வைத்தார், இறங்கியது. "ரெண்டும் எதிரெதிரா இழுக்குதுப்பா. ஒண்ணு தள்ளும்போது இன்னொண்ணு இழுக்குது, அதான் பேஸ் அடிபட்டுப் போகுது" என்றார். வேறு வேறு கம்பெனி பிக்கப்பைச் சேர்த்தால் இப்படி வரலாம், தொழில் தெரிந்தவர் நடு இடத்தில் வாசித்துப் பார்க்காமல் வெளியே விடமாட்டார் என்றும் சொன்னார்.

சரிசெய்ய என்ன ஆனது தெரியுமா? புது பிக்கப்பில் நாலு கலர் வயரும் ஒரு வெற்றுக் கம்பியும் இருந்தன. வெற்றுக் கம்பியைக் கிரவுண்டிலேயே விட்டுவிட்டு, காயிலின் (உள்ளே இருக்கும் செம்புச் சுற்றின்) இரண்டு முனைகளை மட்டும் இடம் மாற்றிப் பற்றவைத்தார். இரண்டு சொட்டு ஈயம். பேஸ் திரும்பி வந்துவிட்டது. அண்ணன் காசே வாங்கவில்லை. இதற்குத்தான் அந்தக் கடைக்காரர் 8,500 போதாதென்று இன்னொரு 2,500 கேட்டார்!

செத்துப்போன பழைய பிக்கப்பையும் திருப்பித் தரவில்லை. "குப்பையில போயிருச்சு" என்கிறார். கம்பி மறுபடி சுற்றினால் அது பிழைத்திருக்கும்.

விவரமாக யோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கோபத்தில் கோர்வையாக வரவில்லை. வீடியோ கேட்டால் நடு சுவிட்சிலும் வாசிக்கச் சொல்லுங்கள். பாதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாகம் திரும்ப வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். நீங்களே வயரை மாற்றுவதாக இருந்தால் ஒன்று: ஒரே வயரும் அதைச் சுற்றி வலைக்கம்பியும் உள்ள பிக்கப்பில் அப்படியே மாற்றாதீர்கள், உலோக மூடியில் சிக்னல் ஏறி, தொட்டாலே இரையும். அதற்குக் காந்தத்தைத்தான் திருப்ப வேண்டும், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

லேபர் பணத்தையும் பழைய பிக்கப்பையும் கேட்டு இன்று காலையிலும் செய்தி அனுப்பியிருக்கிறேன். படித்துவிட்டார், பதில் இல்லை.