'பாட்டீஸ் பிளம்' என்று நம்பி வாங்கிய ஆறு வேர்கள்: ஓர் எச்சரிக்கை

இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களுள் ஓரியண்டல் பாப்பி எனப்படும் பல்லாண்டுச் செடியை இணையத்தில் வாங்க எண்ணுபவர்கள், பணம் கட்டுவதற்கு முன்பு இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் இழந்தது 62.95 பவுண்டுதான். ஆனால் ஏமாந்துவிட்டேன் என்று தெரிந்துகொள்வதற்கே ஏறத்தாழ 19 மாதங்கள் ஆயின. அந்தத் தாமதம் தற்செயலாக நேர்ந்ததன்று. இந்தச் செடியின் இயல்பே விற்றவருக்குத் துணைநின்றது.

வடமேற்கு லண்டனில் ஹரோவில் உள்ள எங்கள் வீட்டுப் பின்புறத்தில், தெற்கு வெயில் நாள் முழுவதும் விழும் வேலியோரத்தில், 2022 கோடையில் புல்தரையை வெட்டியெடுத்து ஒரு நீண்ட பாத்தி அமைத்தேன். அதில் வைப்பதற்கு நான் விரும்பியது 'பாட்டீஸ் பிளம்' என்னும் வகை. சாமர்செட்டில் பாட்ரீசியா மாரோ என்பவருடைய நாற்றுப்பண்ணையின் உரக்குவியலில் தானாக முளைத்துக் கிடந்து, அவர் பெயராலேயே புகழ்பெற்ற செடி அது. மங்கிய நாவற்பழ நிறத்தில், கசங்கிய பட்டுத்துணி போன்ற இதழ்கள் கொண்ட பூ. அக்டோபரில் ஓர் இணையக்கடையில் வேர் ஒன்று 9.50 பவுண்டு வீதம் ஆறு வேர்களுக்கும், அஞ்சல் செலவாக 5.95 பவுண்டும் கட்டினேன். திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, "கசகசாச் செடிக்காடா இவ்வளவு காசு குடுத்தே?" என்றார். கசகசா தருவது ஓராண்டில் மடிந்துபோகும் வேறொரு பாப்பி என்றும், இது ஆண்டுதோறும் அதே வேரிலிருந்து துளிர்க்கும் இனம் என்றும் பெருமையாக விளக்கினேன். அம்மா கேட்ட கேள்வியை அப்போதே சற்று யோசித்திருக்கலாம்.

நவம்பர் முதல் வாரத்தில் பொட்டலம் வந்தது. பிளாஸ்டிக் பைக்குள், உலர்ந்த தென்னைநார்த் தூளில், சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஆறு வேர்த்துண்டுகள் இருந்தன. இரண்டின் நுனி மென்மையாகிக் கருத்திருந்தது. பெயர்ச்சீட்டு இல்லை, தாவரக் கடவுச்சீட்டும் இல்லை. பிரிட்டனில் நடவுச் செடிகளை இணையவழியாக விற்பவர்கள், வாங்குபவர் வீட்டுத் தோட்டக்காரராகவே இருந்தாலும், அந்தச் சீட்டை இணைத்தாக வேண்டும். செடியின் தாவரவியல் பெயர், விற்பவரின் பதிவெண், தொகுதி எண், பிறப்பிடம் ஆகியவை அதில் இருக்கும். இந்த விதி அன்று எனக்குத் தெரியாது. கருத்த நுனியைப் படம் எடுத்து அனுப்பியபோது, "வேர்கள் உறக்கத்தில் உள்ளன, வசந்தம் வரை பொறுத்திருங்கள்" என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை. நவம்பரில் மண்ணின்றி அனுப்பப்படும் வேர் உறங்கிக்கொண்டுதான் இருக்கும்.

அடுத்த ஆண்டு மார்ச்சில் நான்கு துளிர்த்தன, இரண்டு அழுகிவிட்டன. அந்த இரண்டில் என் பங்கும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இப்பகுதியின் களிமண் குளிர்காலத்தில் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஓரியண்டல் பாப்பியின் ஆணிவேருக்கோ அடியில் தேங்கும் ஈரத்தை விட ஆகாதது வேறில்லை, நான் சரளைக்கல் கலக்காமல் நட்டிருந்தேன். முளைத்த நான்கின் இலைகளும் சொரசொரப்பான மயிர்களோடு, இறகுபோல் வெட்டுண்டு, இந்த இனத்துக்கு உரியவையாகவே இருந்தன. மெழுகு பூசியதுபோல் வழுவழுப்பாக, தண்டைத் தழுவி நிற்கும் கசகசாச் செடியின் இலை அல்ல என்பதில் நிம்மதியடைந்தேன். அந்த ஆண்டு பூ வரவில்லை. விற்றவரிடம் கேட்டபோது, வேர் ஊன்றுவதற்கு ஓராண்டு ஆகும் என்றார், அதுவும் உண்மை. ஜூலையில் இலைகள் பழுத்து மறைந்தன. அதுவும் இச்செடியின் வழக்கமே. கோடையில் தரையோடு தரையாகி, இலையுதிர் காலத்தில் மீண்டும் இலை விடும். நான் ஐயப்பட்ட ஒவ்வொரு முறையும் அவருக்கு ஓர் உண்மை கைகொடுத்தது. என் புகார்க்காலம் மட்டும் கரைந்துகொண்டே இருந்தது.

2024 மே இறுதியில் முதல் மொட்டு விரிந்தது. நல்ல சிவப்பு, தக்காளிச் சிவப்பு, இதழடியில் கரும்புள்ளி. நான்கும் அப்படியே. காக்கசஸ் மலைப்பகுதியிலிருந்தும் வடகிழக்குத் துருக்கியிலிருந்தும் வந்த இந்த இனத்தின் மூல நிறமே அதுதான். அழகில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் நான் கேட்டது அதுவன்று.

விற்றவர் மூன்று சமாதானங்கள் சொன்னார். முதலாவது, என் மண்ணின் காரத்தன்மையால் நிறம் மாறிவிட்டதாம். மண்ணுக்கேற்ப நீலமும் இளஞ்சிவப்புமாக மாறுவது ஹைட்ரேஞ்சியா, பாப்பி அன்று. இரண்டாவது, செடி தன் பழைய நிறத்துக்குத் 'திரும்பிவிட்டதாம்'. ஒன்று திரும்பலாம் என்றே வைத்துக்கொண்டாலும், நான்கும் ஒரே நாளில் பேசிவைத்துக்கொண்டு திரும்புமா? மூன்றாவதுதான் சாமர்த்தியமானது. பாத்தியில் முன்பே கிடந்த பழைய பாப்பி வேர் முளைத்திருக்கும் என்றார். பாத்தி அதற்கு முன்பு புல்தரையாக இருந்தது என்று படத்துடன் எழுதினேன். அதன்பின் பதில் இல்லை.

பெயர் பெற்ற பாப்பி வகைகளை விதையிலிருந்து எடுத்தால் தாயைப் போல் வராது. உறக்கக் காலத்தில் பென்சில் பருமனுள்ள வேரைத் துண்டுகளாக நறுக்கி, மேல்நுனி மாறாமல் ஊன்றி, ஒவ்வொன்றையும் தனிச்செடியாக வளர்க்க வேண்டும். அதற்குத் தாய்ச்செடியும் உழைப்பும் நாளும் வேண்டும். விதையோ மலிவு, ஒரு காயிலேயே நூற்றுக்கணக்கில் இருக்கும், முளைப்பவற்றில் சிவப்பும் ஆரஞ்சுமே மிகுதி. எனக்கு வந்தவை அப்படி வளர்த்தவை என்றே நினைக்கிறேன். இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் இதே செடிக்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தன் இளஞ்சிவப்புப் பாத்தியில் வெள்ளைப் பாப்பி ஒன்று பூத்துக் கெடுத்துவிட்டதாக ஒரு வாடிக்கையாளர் ஏமஸ் பெரி என்னும் நாற்றுப்பண்ணைக்காரரிடம் கோபித்துக்கொள்ள, அவர் பெற்றுக்கொண்ட அந்தத் தவறான செடியே 'பெரீஸ் ஒயிட்' ஆயிற்று. என் நான்கு சிவப்புச் செடிகளுக்கு அத்தகைய எதிர்காலம் எதுவும் தெரியவில்லை.

பணத்தைத் திரும்பப் பெற முயன்றேன். டெபிட் அட்டையில் கட்டியிருந்ததால், வங்கி வழியாகப் பணத்தை மீட்கப் பொதுவாக 120 நாள் கெடு உண்டு. அது எப்போதோ கடந்திருந்தது. கடன் அட்டையில் கட்டியிருந்தாலும் விற்றவரின் தவறுக்கு அட்டை நிறுவனத்தையும் பொறுப்பாக்கும் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு உதவியிராது; ஒரே பொருளின் விலை 100 பவுண்டைத் தாண்டியிருக்க வேண்டும். சொன்ன பொருளும் தந்த பொருளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் கூறுகிறது. இங்கிலாந்தில் ஆறு ஆண்டுகள் வரை வழக்குத் தொடரலாம், 300 பவுண்டு வரையிலான கோரிக்கைக்குக் கட்டணம் 35 பவுண்டு. ஆனால் யார்மீது, எந்த முகவரியில்? இணையத்தில் விற்பவர் தம் முகவரியைத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பக்கத்திலோ ஒரு மின்னஞ்சல் மட்டுமே இருந்தது. நுகர்வோருக்கு ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்னும் அமைப்பின் வழியாகப் புகாரைப் பதிந்ததோடு நின்றேன்.

முகவரியைப் பணம் கட்டும் முன்பே தேடியிருக்க வேண்டும். அதே பக்கத்தில் 'வெயில் பாத்திக்கு நீல ஓரியண்டல் பாப்பி' என்று ஒன்று விற்பனைக்கு இருந்ததையும் கவனித்திருக்க வேண்டும். ஓரியண்டல் பாப்பியில் நீலம் கிடையாது. நீலப்பூ பூக்கும் இமயமலைப் பாப்பி, குளிர்ச்சியும் ஈரமும் அரைநிழலும் கேட்கும் வேறொரு பேரினம், லண்டன் வெயிலில் வாடிவிடும். என் 'பாட்டீஸ் பிளம்' படமும் ஊதா தூக்கலாகவே இருந்தது. உண்மையான பூ வெயிலில் வெளிறிப் பழுப்பேறும். இப்போது வாங்குபவர்கள் மே இறுதியில், தொட்டியில் பூத்து நிற்கும் செடியையே நாற்றுப்பண்ணைக்கு நேரில் சென்று வாங்குங்கள். வேராகத்தான் வாங்க வேண்டுமென்றால், வேர்த்துண்டில் வளர்த்ததா விதையில் வளர்த்ததா என்று எழுத்தில் கேளுங்கள்; இதற்கு நேரடியாகப் பதில் சொல்லாதவரை விட்டுவிடுங்கள்.

சென்ற ஆண்டு நான் அப்படியே பூவைப் பார்த்து மூன்று தொட்டிகள் வாங்கி, சிவப்புச் செடிகளைத் தோண்டியெடுத்த இடத்திலேயே நட்டேன். ஓரியண்டல் பாப்பியின் வேர்த்துண்டு ஒன்று மண்ணில் தங்கினாலும் முளைத்துவிடும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. அக்டோபரில் அந்த இடத்தில் ஏழு இலைக்கொத்துகள் எழுந்தன. பாத்தியில் பழைய வேர் கிடக்கிறது என்று அந்த விற்பனையாளர் சொன்னது இன்றைக்கு உண்மையாகிவிட்டது. எவை மூன்று என்னுடையவை, எவை நான்கு அவருடையவை என்று மே மாதம்தான் சொல்லும்.