டெட்ரிஸின் வாரிசு எது? வெல்ட்ரிஸ், பாம்ப்ளிஸ், டெட்ரிஸ் 2: ஓர் ஒப்பீடு

அலெக்ஸி பஜிட்னோவ் 1984இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் இருந்த எலெக்ட்ரோனிகா 60 கணினியில் உருவாக்கிய கணினி விளையாட்டான டெட்ரிஸ், 1989இல் நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் பாயோடு சேர்த்து விற்கப்பட்ட பிறகு உலகெங்கும் வீடுகளுக்குள் நுழைந்தது. (நம் ஊர்க் கடைகளில் மலிவாகக் கிடைத்த ‘பிரிக் கேம்’ கருவிகளில் பலரும் ஆடியது இதன் நகலைத்தான்.) இத்தனை புகழ் பெற்ற ஆட்டத்துக்கு இரண்டாம் பாகம் ஒன்று வேண்டும் என்று நிறுவனங்கள் எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் கதையோ பாத்திரங்களோ இல்லாத ஓர் ஆட்டத்தில் எதைத் தொடர்வது என்பதில்தான் சிக்கல் இருந்தது. அதற்கு வந்த விடைகளில் மூன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: 1989இல் வந்த வெல்ட்ரிஸ், 1991இல் ஜப்பானில் மட்டும் வெளியான ‘டெட்ரிஸ் 2 + பாம்ப்ளிஸ்’, 1993இல் நின்டெண்டோ வெளியிட்ட டெட்ரிஸ் 2. கடைசியாகச் சொன்னது ஜப்பானில் ‘டெட்ரிஸ் ஃப்ளாஷ்’ என்ற பெயரில் வந்தது. ஆகவே ‘டெட்ரிஸ் 2’ என்று யாராவது சொன்னால் எந்த நாட்டு ஆட்டத்தைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மூல ஆட்டத்தில் நான்கு கட்டங்களாலான 7 வகைக் கட்டைகள் பத்துக் கட்ட அகலமுள்ள பள்ளத்தில் விழுகின்றன. ஒரு வரிசை இடைவெளியின்றி நிரம்பினால் அது மறைகிறது. இதில் ஆட்டக்காரரைக் கட்டிப்போடுவது வரிசை மறையும் மகிழ்ச்சி மட்டுமன்று. கைதவறி விட்ட ஓர் ஓட்டை, மேலே உள்ளவற்றை எல்லாம் கரைத்து அதைத் திறக்கும் வரை கண்ணெதிரே நின்றுகொண்டிருக்கிறது. ஆட்டத்தின் பதற்றம் முழுவதும் அந்த ஓட்டையிலிருந்துதான் பிறக்கிறது. ஆகவே ஒவ்வொரு தொடர்ச்சியும் ஓட்டையை என்ன செய்கிறது என்பதையே என் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

வெல்ட்ரிஸ் பஜிட்னோவே ஆந்திரேய் ஸ்கெனோவோடு சேர்ந்து செய்தது. இங்கே நாம் கிணற்றை மேலிருந்து எட்டிப் பார்க்கிறோம். நான்கு சுவர்களில் ஏதேனும் ஒன்றின் வழியாக இறங்கும் கட்டை, 8 கட்டம் நீளமும் 8 கட்டம் அகலமும் உள்ள தரையை அடைந்து, எதிர்ப்புறம் தடுக்கப்படும் வரை வழுக்கிச் செல்கிறது. குறுக்காகவோ நெடுக்காகவோ ஒரு வரிசை நிறைந்தால் அது மறையும். கட்டை தரைக்குள் அடங்காமல் சுவரில் நின்றுவிட்டால் அந்தச் சுவர் சிறிது நேரம் பயன்படாமல் போகும்; நான்கு சுவர்களும் அடைபட்டால் ஆட்டம் முடிந்தது. காகிதத்தில் படிக்கும்போது அழகாக இருக்கும் இந்த ஏற்பாடு, ஆடும்போது அயர்ச்சியைத் தருகிறது, ஏனெனில் கட்டை எங்கே போய் நிற்கும் என்பதைக் கண் சொல்வதில்லை, ஒவ்வொரு முறையும் மனத்தால் கணக்கிட வேண்டியிருக்கிறது. கணக்கை விரும்புகிறவர்களுக்கு அது குறையாகத் தோன்றாது.

நின்டெண்டோவின் டெட்ரிஸ் 2 வரிசையையே கைவிட்டது. பள்ளத்தில் முன்கூட்டியே சில நிலையான கட்டங்கள் பதிக்கப்பட்டிருக்கும். விழும் கட்டைகள் மூன்று நிறங்களால் ஆனவை. ஒரே நிறத்தில் மூன்று கட்டங்கள் படுக்கையாகவோ நிமிர்ந்தோ சேர்ந்தால் அவை மறையும். நிறத்துக்கு ஒன்றாக மின்னும் கட்டம் இருக்கிறது. அதை அழித்தால் அந்த நிறத்தின் நிலையான கட்டங்கள் அனைத்தும் ஒரே வீச்சில் போய்விடும். மின்னும் கட்டங்கள் தீர்ந்தால் அந்தச் சுற்று வெற்றி. அதே நிறுவனம் 1990இல் வெளியிட்ட, நிறம் சேர்த்து அழிக்கும் ஆட்டமான ‘டாக்டர் மரியோ’வை ஆடியவர்களுக்கு இது யாருடைய பிள்ளை என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

இதில் புதுமையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சில கட்டைகளின் பகுதிகள் ஒன்றோடொன்று முழுதாக ஒட்டியிருப்பதில்லை. ஒரு பகுதி ஏதேனும் ஒன்றின் மேல் தட்டி நின்றதும் மற்றது பிரிந்து தொடர்ந்து விழுகிறது. சிவப்புப் பகுதியை மேட்டில் நிறுத்திவிட்டு, பிரிந்த நீலத்தைப் பக்கத்துக் குழிக்குள் இறக்கி அடியில் மின்னும் நீலத்தோடு சேர்த்துவிட்டால் அடையும் நிறைவு மூல ஆட்டத்தில் கிடைக்காத ஒன்று. ஆனால் நிறம் பார்த்துச் சேர்க்கும் ஆட்டத்தில் ஓட்டைக்குப் பொருளே இல்லை. அடியில் பத்து இடைவெளி இருந்தாலும் மின்னும் கட்டத்துக்கு வழி இருந்தால் போதும். மூல ஆட்டத்தில் பழகிய கை இங்கே வடிவத்தைப் பொருத்தத் துடிக்கிறது, விதியோ நிறத்தைப் பொருத்தச் சொல்கிறது. இந்த இழுபறி கடைசி வரை தீர்வதில்லை. கேம் பாய்ப் பதிப்பில் நிலைமை இன்னும் மோசம். வண்ணமில்லாத அந்தத் திரையில் நிறங்களைக் கோலங்களாக அடையாளம் காண வேண்டியிருக்கிறது.

பாம்ப்ளிஸ் வேறு வழியில் போனது. ஹென்க் ரோஜர்ஸின் புல்லட்-புரூஃப் சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட இந்த ஆட்டத்தில், பின்னாளில் போக்கிமான் நிறுவனத்தின் தலைவரான ட்சுனேகாஸு இஷிஹாராவுக்கு முக்கியப் பங்கு உண்டு. கட்டை, பள்ளம், வரிசை மூன்றையும் அப்படியே விட்டுவிட்டு, வரிசை நிறைந்த பின் என்ன நடக்கிறது என்பதை மட்டும் மாற்றினார்கள். சில கட்டைகளில் குண்டு இருக்கும். நிறைந்த வரிசையில் குண்டு இருந்தால் அது வெடித்துச் சுற்றியுள்ள கட்டங்களை அழிக்கும், இல்லாவிட்டால் அந்த வரிசை நிறைந்தும் கரையாமல் கிடக்கும். ஒரே நேரத்தில் நிறையும் வரிசைகள் கூடக் கூட வெடிப்பின் பரப்பும் கூடும். வெடிப்பு எட்டும் இடத்தில் இன்னொரு குண்டு இருந்தால் அதுவும் வெடிக்கும். நான்கு குண்டுகளை இரண்டுக்கு இரண்டாகச் சதுரத்தில் சேர்த்தால் அவை ஒரே பெரிய குண்டாகிவிடும்.

இதனால் ஓட்டையின் மதிப்பு தலைகீழாகிறது. மூன்று குண்டுகள் சதுரத்தின் மூன்று மூலைகளில் அமர்ந்துவிட்டன, நான்காவது மூலை காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து வரும் குண்டில்லாத கட்டை அந்த மூலைக்குக் கச்சிதமாகப் பொருந்தினாலும் அதை வேறிடத்தில் போட்டு, ஓட்டையை வேண்டுமென்றே காப்பாற்றிக் காத்திருக்கிறோம். பள்ளம் மேலேறிக்கொண்டே வருகிறது. குண்டு வந்து சேர்ந்தால் பாதிப் பள்ளம் காலியாகும், வராவிட்டால் அந்தப் பேராசையே ஆட்டத்தை முடித்துவிடும். பழகிய கை பழகிய வேலையையே செய்ய, துணிச்சல் மட்டும் புதிதாகத் தேவைப்படுகிறது. மூன்றில் தொடர்ச்சி என்று சொல்லத்தக்கது இதுதான் என்பது என் முடிவு. அதே அட்டையில் (விளையாட்டுக் கருவியில் செருகும் கார்ட்ரிட்ஜில்) உள்ள ‘டெட்ரிஸ் 2’ பகுதி பெரும்பாலும் பழைய ஆட்டமே. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

இவை எவையும் மூலத்தை அசைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கருவிக்காக நின்டெண்டோ 1989இல் வெளியிட்ட டெட்ரிஸுக்கு 2010 முதல் உலகப் போட்டி நடக்கிறது; 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் நிரல் உறைந்து நின்றுபோகும் இடம் வரை அதை ஆடிக் காட்டினான். தொடர்ச்சிகளுக்கு அப்படி ஒரு கூட்டம் சேரவில்லை. பாம்ப்ளிஸை இன்று ஆடிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு எளிய வழி, 2024இல் டிஜிட்டல் எக்லிப்ஸ் வெளியிட்ட ‘டெட்ரிஸ் ஃபாரெவர்’ தொகுப்பு. நின்டெண்டோவின் டெட்ரிஸ் 2 அதில் இல்லை, அதற்குப் பழைய அட்டைகளைத்தான் தேட வேண்டும். டாக்டர் மரியோ ஏற்கெனவே கையில் இருப்பவர்கள் அந்தத் தேடலில் இறங்க வேண்டியதில்லை.